காயாத வியர்வை

1790ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் அர்மான் செகென் என்ற இளைஞர் தன்னை ஒரு பட்டுப் பைக்குள் அடைத்துக்கொண்டார். காற்றோ ஈரமோ ஊடுருவாதபடி பிசின் பூசிய பை அது. உள்ளே போனதும் தலைக்கு மேல் இறுகக் கட்டிவிட்டார்கள். வாய்க்கு நேராக ஒரு சிறு பிளவு மட்டும் உண்டு. அதன் விளிம்பை டர்பன்டைனும் கீலும் குழைத்த பசையால் அவருடைய உதட்டைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். மூச்சு வெளியே போகலாம். தோலிலிருந்து கிளம்பும் எதுவும் போக முடியாது. அந்தக் கோலத்திலேயே அவரைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். உடன் ஆய்வு செய்தவர் லவாய்சியே, நவீன வேதியியலுக்கு அஸ்திவாரம் போட்டவர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் எடை தானாகக் குறைகிறதே, அதில் மூச்சு வழியாகப் போவது எவ்வளவு, தோல் வழியாகப் போவது எவ்வளவு என்பதுதான் இருவரின் கேள்வி.

செகெனின் பை இன்று ஆன்லைனில் கிடைக்கிறது. சானா சூட் என்று பெயர். வெள்ளி நிறத்திலோ கறுப்பிலோ, கழுத்திலும் மணிக்கட்டிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த பிளாஸ்டிக் சட்டையும் காற்சட்டையும். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு இடுப்பில் மட்டும் கட்டிக்கொள்ளும் ஸ்வெட் பெல்ட் இருக்கிறது. அதற்குள் பூசிக்கொள்ள டப்பாவில் அடைத்த களிம்பும் இருக்கிறது. செகென் ஒரு கேள்விக்கு விடை தேடிப் பைக்குள் போனார். நாம் தொப்பையைக் குறைக்கப் போகிறோம்.

பெல்ட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வெளிப்பக்கம் துணி, உள்பக்கம் கட்டம் கட்டமாகப் பள்ளம் போட்ட கறுப்பு ரப்பர். அது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதை நுரைபோல் பொங்கவைத்தால் உள்ளே லட்சக்கணக்கான வாயுக் குமிழ்கள் தங்கிவிடும். வெப்பம் அவற்றைத் தாண்டிப் போவது கஷ்டம். 1950களின் தொடக்கத்தில் பெர்க்லியில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர், குளிர்ந்த கடலில் இறங்கும் கடற்படை முக்குளிப்பவர்கள் விறைத்துப் போகாமல் இருக்க இந்த நுரை ரப்பரில் உடை தைத்தார். பனிக்கடலில் உடல் சூட்டைக் காப்பாற்ற வந்த சரக்கைத்தான் நாம் சித்திரை வெயிலில் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடக்கிறோம்.

ஒரு மணி நேர நடைக்குப் பிறகு வெல்க்ரோவைப் பர்ரென்று பிரிக்கும்போது உள்பக்கப் பள்ளம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். சாய்த்தால் ஒழுகும். வயிற்றுத் தோல் வெளுத்துச் சுருங்கி, ரப்பரின் கட்டங்கள் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். பார்ப்பவருக்குப் பரம திருப்தி: கொழுப்பு உருகிச் சொட்டுகிறது! விளம்பரம் சொல்ல வேண்டியதைக் கண்ணே சொல்லிவிடுகிறது. எடை பார்க்கும் இயந்திரமும் ஆமாம் சாமி போடுகிறது. அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ குறைந்திருக்கும். இந்தப் பொருள்கள் விற்பதற்கு இந்த இரண்டு சாட்சிகள் போதும். இரண்டுமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. தண்ணீரும் உண்மை, குறைந்த எடையும் உண்மை. கொழுப்பைப் பற்றி மட்டும் இரண்டுக்கும் எதுவும் தெரியாது.

வியர்வை எதற்கு வருகிறது? நம் தசைகள் பெட்ரோல் எஞ்சினைவிடப் பெரிய சமர்த்தானவை இல்லை. எரிக்கும் சக்தியில் கால் பங்கை வேலையாக மாற்றினாலே அதிகம், மிச்சமெல்லாம் சூடு. ஒரு மணி நேரம் வேகமாக நடக்கும் 70 கிலோ மனிதர் ஏறக்குறைய 250 கிலோகலோரி வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். அவர் உடலின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்ற 58 கிலோகலோரி போதும். வெப்பம் போக வழியே இல்லாவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தில் உடல் நாலு டிகிரிக்கு மேல் ஏறி 41ஐத் தாண்டிவிடும். 40ஐத் தாண்டினாலே ஹீட் ஸ்ட்ரோக் கவலை தொடங்குகிறது. அப்படி ஆகாமல் காப்பது தோலெங்கும் பரவியிருக்கும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள்.

வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. சுரந்தது காய வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 0.58 கிலோகலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நம் நடைப்பயிற்சிக்காரரின் 250 கிலோகலோரியை அப்புறப்படுத்த, முழுக்கக் காய்ந்துவிடுமானால் 430 மில்லிலிட்டர் வியர்வை போதும். காயாமல் சொட்டித் தரையில் விழுந்த வியர்வை உடலை ஏறக்குறைய ஒன்றுமே குளிர்விக்காது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். பானையைப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றிவிட்டால் வெளிப்புறமெல்லாம் நசநசவென்று ஈரம் நிற்கும், உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

ஸ்வெட் பெல்ட் செய்வதும் இதையேதான். ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் சிக்கிய காற்று சில நிமிடங்களிலேயே ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் ஒரு துளியும் ஆவியாக இடமில்லை. வெப்பம் இறங்கவில்லை என்று மூளைக்குத் தகவல் போகிறது. மூளை இன்னும் சுரக்கச் சொல்கிறது. சுரந்தது காயவில்லை, ஆகவே இன்னும் கொஞ்சம். பெல்ட் வியர்வையைத் தூண்டுகிறது என்கிறார்கள். வியர்வையை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, அதனால் உடல் வீணாகக் கூடுதலாகச் சுரக்கிறது என்று சொல்வதே சரி.

காயும் வியர்வைக்கும் காயாத வியர்வைக்கும் உள்ள வித்தியாசம் 1774இலேயே லண்டனில் ஓரளவு தெரிந்திருந்தது. சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் சில நண்பர்களோடு, சூடேற்றிய அறையொன்றுக்குள் அடுத்தடுத்துப் புகுந்து பார்த்தார். ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவரின் யோசனை அது. நண்பர்களில் கேப்டன் குக்கோடு கடல் சுற்றிய ஜோசப் பேங்க்ஸும் ஒருவர். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பம் 127 டிகிரி செல்சியஸ், தண்ணீரின் கொதிநிலைக்கும் மேல். அந்த அறையில் வைத்த முட்டைகள் வெந்து கெட்டியாயின. மாட்டிறைச்சித் துண்டு சமைந்துபோனது. மனிதர்கள் சில நிமிடங்கள் இருந்துவிட்டு முழுசாக வெளியே வந்தார்கள். உடலின் சூடு பெரிதாக ஏறவில்லை. காரணம், அறை உலர்ந்திருந்தது. வியர்வை வந்த சுருக்கில் காய்ந்தது. ஆனால் நீராவி நிறைந்த அறை இதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டிலேயே தாங்க முடியாததாக இருந்தது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே 36 டிகிரி மதுரையில் எப்படி, கடலோரத்தில் ஜூன் மாதப் புழுக்கத்தில் எப்படி என்பது சட்டைக்குத் தெரியும். பெல்ட் என்பது இடுப்பைச் சுற்றி நாமே காசு கொடுத்துக் கட்டிக்கொள்ளும் புழுக்கம்.

சரி, கொழுப்பு எங்கேதான் போகிறது? நம் 250 கிலோகலோரி முழுவதையும் கொழுப்பிலிருந்தே உடல் எடுத்ததாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் எரிந்தது 28 கிராம்தான். உண்மையில் சர்க்கரையும் சேர்ந்து எரியும் என்பதால் இன்னும் குறைவு. எடை இயந்திரம் காட்டிய முக்கால் கிலோவில் இந்த 28 கிராம் போக மிச்சமெல்லாம் தண்ணீர். இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் அது திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

அந்த 28 கிராமும்கூட வியர்வைத் துளைகள் வழியாக உருகி ஓடுவதில்லை. கொழுப்பு என்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களால் ஆனது. எரியும்போது கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. 2014 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். 10 கிலோ கொழுப்பு குறைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரிடம் அவர்கள் கேட்டபோது பெரும்பாலோர் கொழுப்பு சக்தியாகவோ வெப்பமாகவோ மாறிவிடுகிறது என்றார்களாம். ஜிம்மில் நிற்கும் பயிற்சியாளரை மட்டும் குறை சொல்ல முடியாது.

செகெனுக்கும் முன்னால், இத்தாலியில் சான்டோரியோ என்ற மருத்துவர் தராசில் தொங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து, பல்லாண்டுகள் அதில் உட்கார்ந்து தன்னை நிறுத்துக்கொண்டே இருந்தார். 1614இல் முடிவுகளை நூலாக்கினார். உண்டதும் குடித்ததும் ஒரு பக்கம், மலமும் சிறுநீரும் மறுபக்கம் வைத்தால் கணக்கு உதைத்தது. பாதிக்கு மேல் காணோம். கண்ணுக்குத் தெரியாத வியர்வையாகப் போகிறது என்றார் அவர். கார்பன் டை ஆக்சைடு என்றொரு வாயு இருப்பதே அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. அவர் வியர்வைக் கணக்கில் எழுதியதில் ஒரு பகுதி மூச்சுக் கணக்கில் சேர வேண்டியது. அவரை மன்னிக்கலாம். நானூறு ஆண்டுகள் கழித்தும் அதே கணக்கில் எழுதிக் காசு பார்க்கும் விளம்பரங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூச்சாகத்தானே போகிறது, மூச்சை வேகமாக விட்டால் இளைத்துவிடலாமா என்று கேட்காதீர்கள். தலை சுற்றும், அவ்வளவுதான். கொழுப்பு எரிந்தால்தான் அந்த வாயு உண்டாகும். எரிய வேண்டுமென்றால் தசை வேலை செய்ய வேண்டும், சாப்பாடு கொஞ்சம் குறைய வேண்டும். வியர்வைக்கும் இதுவே பதில். மூச்சை விரட்டினால் குறையாத கொழுப்பு, வியர்வையை விரட்டினாலும் குறையாது.

வயிற்றில் மட்டும் கட்டினால் வயிற்றில் மட்டும் குறையும் என்பது அடுத்த நம்பிக்கை. வயிற்றுத் தசையையே கசக்கிப் பிழிந்தாலாவது அங்குள்ள கொழுப்பு குறையுமா? 1984இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆண்கள் 27 நாள்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுத்தார்கள். ஆய்வுக்கு முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் ஊசியால் கொழுப்பு எடுத்துச் செல்களின் அளவைப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் சிறிதளவு சுருக்கம். வயிற்றுக்கென்று தனிச் சலுகை ஏதும் இல்லை. ஐயாயிரம் சிட்-அப்புக்கு அசையாத விதியை ஒரு ரப்பர் பட்டை அசைக்கும் என்று நம்பப் பெரிய மனசு வேண்டும். பெல்ட்டைக் கழற்றியதும் இடுப்பு ஒரு சுற்றுச் சிறுத்ததுபோல் தெரிவது, இறுக்கத்தால் அங்கிருந்த நீர் அக்கம்பக்கம் ஒதுங்கியதால். காலுறையின் எலாஸ்டிக் கணுக்காலில் போடும் தடம் எவ்வளவு நேரம் நிற்குமோ அதுவும் அவ்வளவு நேரம்தான்.

களிம்புகள் இரண்டு வகை. ஒரு வகையில் இருப்பது பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு, தேங்காய் எண்ணெய் போன்றவை. தோலில் ஒரு படலம் போட்டு ஈரத்தை அடைக்கும். பூசிக்கொள்ளும் பெல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வகை எரிச்சல் தருவது. அதில் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் இருக்கும். 1997இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸும் அவருடைய குழுவினரும், கேப்சைசின் போய்த் தட்டும் நரம்பு வாசல் எது என்று கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் திறந்துகொள்ளும் அதே வாசல்தான் மிளகாய்க்கும் திறக்கிறது. அதனால் உண்மையில் சூடே இல்லாமல் சுடுகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. 2021இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வு இது. களிம்பு பூசியதும் வயிறு தகதகவென்று எரிவது கொழுப்பு எரிவதன் அறிகுறி என்று டப்பா சொல்கிறது. ஊறுகாய்க்கு மிளகாய்த்தூள் கலந்த கைகூட இரவெல்லாம் எரிகிறது. விரல்கள் இளைத்து யாரும் பார்த்ததில்லை.

சொட்டும் தண்ணீர், எடை இயந்திரம் என்ற இரண்டு சாட்சிகளோடு இப்போது மூன்றாவதாக ஒரு சாட்சி வந்திருக்கிறது. இதை நான் மற்ற இரண்டையும்விட ஆபத்தானதாக நினைக்கிறேன். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச். பெல்ட் இல்லாமல் நடந்தபோது 240 கலோரி காட்டியது, பெல்ட்டோடு நடந்தால் 300 காட்டுகிறதே என்பார்கள். வாட்ச் கலோரியை நேராக அளப்பதில்லை. இதயத் துடிப்பைப் பார்த்து, உங்கள் வயதையும் எடையையும் வைத்து ஊகிக்கிறது. உடல் சூடேறினால் ரத்தத்தின் ஒரு பங்கு தசையை விட்டுத் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்த்து நீர் வற்றினால் ரத்தத்தின் கன அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைய, ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. கால்கள் செய்த வேலை அதே வேலைதான். பாடுபட்டது இதயம் மட்டும். வாட்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கூடுதல் துடிப்பைக் கூடுதல் கலோரியாக எழுதிவிடும். சிலர் அதை நம்பிச் சாயங்காலம் இரண்டு பஜ்ஜி சேர்த்துச் சாப்பிடுவார்கள். உண்மையில் சூட்டில் சீக்கிரம் களைப்பதால் நடக்கும் தூரமே குறையும். உடல் எடையில் சுமார் இரண்டு சதவீதம் நீர் வற்றினாலே நீண்டநேரப் பயிற்சியில் தளர்ச்சி தெரியத் தொடங்கும். 70 கிலோக்காரருக்கு அது 1.4 லிட்டர்.

சூட்டில் பயிற்சி செய்வதால் யாருக்கும் பலனில்லை என்று சொல்லிவிட முடியாது. வெப்பத்தில் போட்டியிடப் போகும் வீரர்கள் பத்துப் பதினான்கு நாள்கள் வேண்டுமென்றே சூட்டில் பயிற்சி எடுப்பார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை சீக்கிரமே தொடங்கும். அதில் வீணாகும் உப்பு குறையும். 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வில், தேர்ந்த சைக்கிள் வீரர்கள் பத்து நாள்கள் 40 டிகிரியில் பயிற்சி செய்தபின், உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜன் அளவு வெப்பமான சூழலில் எட்டு சதவீதமும் குளிர்ந்த சூழலில் ஐந்து சதவீதமும் உயர்ந்தது. குளிர்ச் சூழல் பலனைப் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் உறுதிப்படுத்தவில்லை. வெப்பச் சூழல் பலனில் சந்தேகமில்லை. குளிர் தேசத்து வீரர் சிலர் இதற்காகச் சானா சூட்டையும் பயன்படுத்துவதுண்டு. அங்கே பயிற்சியாளரும் மருத்துவரும் உடனிருந்து உடலின் சூட்டைக் கண்காணிப்பார்கள். பேச்சும் கொழுப்பைப் பற்றியதாக இருக்காது. நம்மூரில் மே மாதத்தைக் கடந்தவர்களுக்கு இந்தப் பழக்கத்தில் ஒரு பங்கை வெயிலே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது.

தண்ணீரை வற்றவைத்து எடையைக் குறைப்பது எதில் போய் முடியும் என்பதை மல்யுத்த உலகம் கண்டிருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவின் மூன்று வெவ்வேறு கல்லூரிகளில் 19, 22, 21 வயதான மூன்று மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மூவரும் தங்கள் எடைப்பிரிவுக்குள் நுழைய, ஆவி புகாத சூட் அணிந்து சூடான இடத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள். உடற்சூடு எகிறியதும் நீர் வற்றியதும்தான் காரணம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1998இல் அறிக்கை வெளியிட்டது. கல்லூரி மல்யுத்தத்தில் அந்த சூட்டுகளுக்குத் தடை வந்தது. எடை பார்க்கும் முன் உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனையும் வந்தது.

2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று பந்தயங்களை வென்று இறுதிக்கு வந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அன்றிரவு முழுக்க சானாவும் உடற்பயிற்சியும், தண்ணீர் கிடையாது, கடைசியில் முடியையும் வெட்டினார்கள். மறுநாள் காலை 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதல் என்று தகுதி நீக்கம் ஆனார். உலகத்தரமான மருத்துவக் குழு அருகிலிருக்க, ஒலிம்பிக் வீராங்கனையின் உடலே ஓர் எல்லைக்குமேல் நீரை விட்டுக்கொடுக்க மறுத்தது. அதுவும் தண்ணீரை மட்டும் குறைக்கும் முயற்சிதான். கொழுப்பைக் குறைக்கிறோம் என்று அங்கே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பூங்காவில் நடப்பவருக்கு இத்தனை பெரிய ஆபத்து வருவது அபூர்வம். அவருக்கு வருவது வியர்க்குரு. வியர்வைத் துளைகள் அடைபட்டு, பெல்ட்டின் அகலத்துக்கு ஒரு பட்டையாகச் சிவந்து அரிக்கும். கழுவாத பெல்ட்டைத் தினமும் கட்டினால் அடுத்தது படர்தாமரை. தோல் மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அதை இன்னும் பரப்பும்.

உடல் இளைக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தையல்காரர் டேப் ஒன்று போதும். வாரத்தில் ஒருநாள் காலையில், வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களானால் 90 செ.மீ., பெண்களானால் 80 செ.மீ. என்பது மருத்துவர்கள் சொல்லும் எல்லை. நடைக்குக் காற்றோட்டமான பருத்திச் சட்டை போதும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் சானா சூட்டையும் ஸ்வெட் பெல்ட்டையும் தொடவே வேண்டாம். அவற்றை அணிந்து பயிற்சி செய்யும் ஒருவர் உளறத் தொடங்கினாலோ தள்ளாடினாலோ உடனே அதைக் கழற்றிவிட்டு, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழையுங்கள்.